கிரேக்கக் கோயிலுக்குள் போவதற்கு முன்: தீட்டுக் கழிக்கும் முறை

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க நகரம் ஒன்றில் வாழ்கிறீர்கள், நாளை கோயிலில் பலி கொடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். என்னென்ன செய்ய வேண்டும்?

படி 1: தீட்டு இருக்கிறதா என்று பாருங்கள்

பிறப்பு, இறப்பு, உடலுறவு, கொலை. முக்கியமானவை இவைதான். விதிகள் ஊருக்கு ஊர் மாறும். இன்றைய லிபியாவில் இருந்த சைரீன் நகரத்தார் தங்கள் விதிகளைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். பிரசவம் நடந்த வீட்டுக்குள் இருந்தவருக்கு மூன்று நாள் தீட்டு, ஆனால் அவரிடமிருந்து அது இன்னொருவருக்கு ஒட்டாது. பெண்ணோடு இரவில் படுத்தவர் அப்படியே பலி கொடுக்கலாம். பகலில் என்றால் குளித்துவிட்டு வர வேண்டும். இவ்வளவு நுணுக்கம்!

படி 2: வீட்டில் சாவு விழுந்தால்

வாசலில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் ஆகாது, வேறு வீட்டிலிருந்து வாங்கி வர வேண்டும். துக்கம் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் அதைத் தெளித்துக்கொள்வார்கள்.

படி 3: கோயில் வாசலில்

கல் தொட்டியில் தண்ணீர் இருக்கும். அதைத் தொட்டுத் தெளித்துக்கொண்டால் போதும். பலிபீடத்தருகே இன்னொரு முறை கை நனைக்க வேண்டும். சாதாரண ஆளுக்கு வேலை இத்தோடு முடிந்தது.

படி 4: கையில் ரத்தம் இருந்தால்

சிக்கல் இங்கேதான். தெரியாமல் கொன்றிருந்தாலும் தீட்டு தீட்டுதான், தண்ணீர் மட்டும் போதாது. கவிஞர் அப்பொல்லோனியஸ் பாடிய ஆர்கோ கப்பல் கதையில், நாயகன் ஜேசனும் அவன் காதலி மெதேயாவும் அவளுடைய சகோதரனைக் கொன்றுவிட்டு, மந்திரக்காரி கிர்க்கேயின் வீட்டுக்கு வந்து, வாய் திறக்காமல் அடுப்படியில் உட்காருகிறார்கள். மெதேயா முகத்தைக் கைகளால் மூடிக்கொள்ள, ஜேசன் கொலை செய்த வாளைத் தரையில் ஊன்றுகிறான். பார்த்ததுமே கிர்க்கேக்குப் புரிந்துவிடுகிறது. பால்குடி மறவாத பன்றிக்குட்டியின் கழுத்தை அறுத்து, அந்த ரத்தத்தை அவர்கள் கைகளில் விட்டு, பிறகு கழுவுகிறாள். கழிவைப் பணிப்பெண்கள் வெளியே கொண்டுபோகிறார்கள். யார், எதற்காக வந்தார்கள் என்ற விசாரணையெல்லாம் அப்புறம்தான்.

ரத்தத்தை ரத்தத்தால் கழுவுவதா? சேற்றில் கால் வைத்தவன் சேற்றாலேயே கழுவுவது போல என்று தத்துவஞானி ஹெராக்ளிட்டஸ் அப்போதே கிண்டல் செய்துவிட்டார். நானும் அவர் கட்சிதான். ஆனாலும் பன்றிக்குட்டி தப்பவில்லை. ஏதென்ஸில் மக்கள் சபை கூடும் முன்பும் அதை அறுத்து இடத்தைச் சுற்றிக் கொண்டுபோய்ச் சுத்திகரித்தார்கள்.

படி 5: ஊருக்கே தீட்டு என்றால்

இது உங்கள் கையில் இல்லை, அரசு பார்த்துக்கொள்ளும். அப்பொல்லோ தெய்வம் பிறந்ததாகச் சொல்லப்படும் டெலோஸ் தீவை கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர்கள் சுத்திகரித்தார்கள். கல்லறைகளையெல்லாம் தோண்டி அப்புறப்படுத்தி, இனி இங்கே யாரும் சாகவோ பிள்ளை பெறவோ கூடாது என்றார்கள். சாகக் கிடப்பவர்களையும் நிறைமாதக்காரிகளையும் பக்கத்து ரெனேயா தீவுக்குப் படகில் ஏற்ற வேண்டியதாயிற்று. அதுவும் போதவில்லையாம். கி.மு. 422இல் டெலோஸ்காரர்களையே தீவைவிட்டுத் துரத்தினார்கள். மறு வருடமே டெல்ஃபியில் இருந்த அப்பொல்லோ கோயிலின் அருள்வாக்கைக் கேட்டுத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.