கொல்லிமலைக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக, ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் கொல்லிமலைக்கு வருவோரை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். ஆகாய கங்கை அருவியில் குளித்துவிட்டு அன்றே திரும்பிவிட வேண்டும் என்று வருவோர் ஒரு வகை. பாவை, சித்தர், மூலிகை என்று காணொளிகளில் கேட்ட மர்மங்களைத் தேடி வருவோர் இன்னொரு வகை. முதல் வகையினர் கதையைக் காதில் வாங்குவதில்லை. இரண்டாம் வகையினர் மலையைக் கண்ணால் பார்ப்பதில்லை. இந்த மலையிலோ அருவி கோயிலோடும், கோயில் ஓடையோடும், ஓடை மீனோடும், மீன் ஒரு கதையோடும் பிணைந்து கிடக்கிறது. ஒன்றை அறுத்தெடுத்து மற்றதை விட்டுவிடும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

முதலில், மலையேறும் முன்பே தொடங்கிவிடும் தவறு. 'கொல்லும் மலை என்பதால் கொல்லிமலை' என்றும், சிரித்து மயக்கி ஆண்களைக் கொல்லும் பாவை ஒருத்தி இன்றும் காட்டுக்குள் இருக்கிறாள் என்றும் சொல்லும் கதையை மட்டும் தெரிந்துகொண்டு வருவது. முனிவர்களை அரக்கர்களிடமிருந்து காப்பதற்காக அமைக்கப்பட்ட பொறிப்பாவை அது என்ற கதை மலையில் வழங்குவது உண்மைதான். எட்டுக்கை அம்மன் கோயிலில் வழிபடப்படும் தெய்வத்தையே கொல்லிப்பாவை என்றும் மக்கள் போற்றுகிறார்கள். ஆனால் சங்கப் பாடல்களைத் திறந்தால் வேறொரு பாவை நிற்கிறாள். நற்றிணை 192-ஆம் பாடலில் அவள் பூதம் அமைத்த பாவை. 201-ஆம் பாடலில், காற்று மோதினாலும் மழை கடுகிப் பெய்தாலும் இடி சினந்து விழுந்தாலும் நிலமே நடுங்கினாலும் தன் அழகு கெடாத பாவை. ஓர் ஆடவன் தன் மனத்தில் பதிந்துவிட்ட பெண்ணின் உருவம் அழியாது என்று சொல்வதற்கு அந்தப் பாவையை உவமையாக்குகிறான். 185-ஆம் பாடலில் கொலை என்ற சொல் வரத்தான் செய்கிறது. ஆனால் தெய்வம் எழுதிய பாவை போன்றவள் என்னைக் கொல்லப் பார்க்கிறாளே என்று ஏங்கிப் புலம்புபவன் காதலன். கொலை செய்வது பாவையல்ல, கண்டுகொள்ளாத காதலி.

ஆகவே, பழைய பாடல்களில் குன்றாத அழகின் உவமையாக இருந்த ஒன்றைப் பேய்க்கதையாக மட்டும் சுருக்கிவிடுவது பெரிய இழப்பு. பெயரைக் கேட்டதும் கொலையை நினைப்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லலாம்: கொல்லி என்ற பெயரில் தமிழிசையில் ஒரு பண்ணும் உண்டு. அப்பர் பாடிய 'கூற்றாயினவாறு' பதிகம் அந்தப் பண்ணில் அமைந்ததுதான். எட்டுக்கை அம்மன் கோயிலுக்குப் போய், சிலையின் முகத்தில் சிரிப்பு மாறுகிறதா என்று கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிக்க முயல்வோர், ஊராரின் வழிபாட்டைத் தங்களுக்கான வேடிக்கையாக்குகிறார்கள். அங்கே கும்பிட வந்தவர்கள் எதுவும் சொல்லாமல் ஒதுங்கி நிற்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது, பெயரால் வரும் குழப்பம். இந்த மலையின் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுகிறார்கள். அதைக் கேட்டதும், கேரளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் போலும் என்று எண்ணுவோர் இன்றும் குறைவில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து சகோதரர்கள் மூவர் புறப்பட்டு வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்கள் தங்கள் தோற்றத்தைப் பற்றிச் சொல்லும் மரபு. யார் எந்த மலைக்குப் போனார் என்பதில் சேர்வராயனில் ஒன்றும் பச்சைமலையில் ஒன்றுமாகச் சொல்வார்கள். இதில் எது சரி என்று அவர்களையே நிறுத்தி விசாரிப்பது வாய்மொழி மரபின் இயல்பை அறியாதவர் செய்யும் வேலை. மலைக்குள் ஊர்கள் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்திருக்கின்றன. வழி கேட்கும்போது கைப்பேசி வரைபடத்தில் உள்ள பெயரை விட, எந்த நாட்டு ஊர் என்று கேட்பது விரைவில் பலன் தரும்.

இனிச் சாலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறுவது பிள்ளைகளுக்கு விளையாட்டு, ஓட்டுபவருக்கு அல்ல. தவறு பெரும்பாலும் ஏறும்போது நேர்வதில்லை, இறங்கும்போதுதான் நேர்கிறது. வண்டியை நியூட்ரலில் விட்டோ, உயர்ந்த கியரிலேயே வைத்துக்கொண்டு பிரேக்கை மட்டும் நம்பியோ இறங்கினால், அடுத்தடுத்த வளைவுகளில் பிரேக் சூடேறிப் பிடிப்புத் தளர்ந்துவிடும். கருகிய வாடை வந்த பிறகு சுதாரிப்பது காலம் கடந்த செயல். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நில்லுங்கள். வளைவின் உட்புறத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பதை விட மோசமான பழக்கம் இந்தச் சாலையில் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறுவதும் வேண்டாம். முப்பதாவது வளைவுக்குள் காரணம் புரிந்துவிடும். வளைவுகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் முள்ளுக்குறிச்சி வழியாக வரும் மற்றொரு சாலையைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆகாய கங்கையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மலைமேல் ஓடும் ஐயாறு, அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகே ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழுவதே இந்த அருவி. அதை அடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். மலைக்கோயில்களில் ஏறிப் பழகிய நமக்கு முதலில் ஏறி, பிறகு இறங்குவதுதான் வழக்கம். களைத்த கால்களுக்கு இறக்கம் ஓய்வாக அமையும். இங்கே கணக்குத் தலைகீழ். உற்சாகமாக இறங்கி, ஒரு மணி நேரம் குளிர்ந்த நீரில் நின்று, ஈர உடையோடு வெறும் வயிற்றில் ஏறத் தொடங்கும்போது, செங்குத்தான படிகள் முழங்காலைக் கேள்வி கேட்கும். கொல்லியின் சிறு வழியில் பரிசில் நாடி வந்த இரவலர் மெலியாமல் ஏறினார்கள் என்று மேலே சொன்ன 185-ஆம் பாடலே கூறுகிறது. நாம் அந்த இரவலர் அல்லர். இதய நோய், மூட்டு வலி, மூச்சிரைப்பு உள்ளவர்களை 'மெதுவாகப் போய்விடலாம்' என்று வற்புறுத்தி அழைத்துச் செல்லாதீர்கள். அவர்கள் கோயிலில் இருந்துகொள்வதில் குறை ஒன்றும் இல்லை. பிற்பகலில் இறங்கத் தொடங்குவதும் தவறு. பள்ளத்தாக்கின் அடியில் வெளிச்சம் மேலே இருப்பதை விட விரைவில் குறையும். காலையிலேயே இறங்கி, உச்சிவெயிலுக்கு முன் பாதித் தூரமாவது ஏறியிருப்பது நல்லது.

நீரைப் பற்றிய தவறு இதனினும் ஆபத்தானது. அருவியடியில் வானம் தெளிவாக இருப்பதால் பயமில்லை என்று நினைப்பவர்கள், அந்த நீர் மேலே உள்ள ஊர்களின் ஓடைகளிலிருந்து திரண்டு வருவதை மறந்துவிடுகிறார்கள். மேலே பெய்த மழை கீழே தெரிவதற்கு முன்பே வந்து சேரும். தெளிந்த நீர் சட்டென்று கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், இரைச்சல் கனப்பதும் கரையேறுவதற்கான அறிகுறிகள். அந்த நேரத்தில் துணியையும் செருப்பையும் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. மழைக்காலத்தில் வனத்துறை அருவிக்குச் செல்லும் வழியை அடைத்திருந்தால், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று வாதாடிப் பயனில்லை. மாசிலா அருவிக்கும் 'நம் அருவி' என்ற பெயருள்ள அருவிக்கும் போய் வரலாம். அவற்றுக்கு இவ்வளவு இறங்கவும் வேண்டியதில்லை. மறுபுறம், மார்ச் முதல் மே வரையிலான கோடையில் வந்துவிட்டு, படத்தில் பார்த்த அருவி இல்லையே என்று குறைபடுவோரும் உண்டு. கோடையில் நீர் மெலிந்துதான் இருக்கும். அந்நாட்களில் மலையின் சிறப்பு பலாவில் இருக்கிறது. செவ்வேர்ப் பலவின் கொல்லி என்று அகநானூறு பாடியதும் இந்த மலையைத்தான்.

அறப்பளீஸ்வரர் கோயிலைக் குளித்துவிட்டு வரும் வழியில் எட்டிப் பார்க்கும் இடமாக நினைப்பது அடுத்த தவறு. அப்பர் தேவாரத்தில் கொல்லிக் குளிர் அறைப்பள்ளி என்று குறிக்கப்படும் தலம் இது. கோயிலருகே ஓடும் ஐயாற்றில் மீன்கள் கூட்டமாகத் திரியும். அவற்றை யாரும் பிடிப்பதில்லை. அறுத்து உலையில் இட்ட மீன்கள் இறைவன் அருளால் மீண்டும் பொருந்தி நீரில் துள்ளி ஓடின என்ற கதைதான் காரணம். ஒருமுறை கரையோரம் உட்கார்ந்து கவனித்தபோது, ஒரு பெரியவர் பொரியை உள்ளங்கையில் வைத்து நீரோடு நீராகக் கையைத் தாழ்த்த, மீன்கள் அஞ்சாமல் விரல்களுக்கு இடையே புகுந்து உண்டன. சற்றுத் தள்ளி ஓர் இளைஞர் கூட்டம் பிஸ்கெட்டை உறையோடு கிழித்துக் கொட்டியது; மீன்கள் விலகின, உறைகள் மிதந்தன. கதை அந்த மீன்களைப் பல தலைமுறைகளாகக் காத்து வந்திருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவரும் அதன் பயனை அங்கேயே கண்ணால் காண்கிறார். ஒருமுறை பயன்படுத்தி வீசும் நெகிழிப் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் தடை உள்ளது என்பதை இங்கு நினைவூட்ட வேண்டியிருப்பதே வருத்தத்துக்குரியது.

கோரக்கர் குகை, காலாங்கிநாதர் குகை என்று சொல்லப்படும் இடங்களுக்குச் செல்ல விரும்புவோர் பலர். வழிகாட்டி இல்லாமலும் வனத்துறையின் அனுமதி இல்லாமலும் காட்டுப்பாதையில் இறங்குவதை எக்காரணத்தாலும் செய்யக் கூடாது. அடிவாரத்தில் உள்ள புளியஞ்சோலையிலிருந்து நடந்தே ஆகாய கங்கைக்கு ஏறிவிடலாம் என்று கேள்விப்பட்டுப் புறப்படுவோருக்கும் இது பொருந்தும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல்வெளியில் தீ பரவும் வேகத்தை மனிதக் கால்களால் முந்த முடியாது. கற்பூரம் ஏற்றிவிட்டு அப்படியே விட்டு வருவதும், சமைத்த அடுப்பை அணைக்காமல் கிளம்புவதும் பக்தியாகவோ உல்லாசமாகவோ தோன்றினாலும் குற்றமே.

மூலிகை விஷயத்தில் ஏமாறாதவர் குறைவு. கொல்லிமலை என்றாலே சஞ்சீவி என்று நம்பி வருபவரிடம் எந்த வேரையும் எந்த விலைக்கும் விற்றுவிடலாம். உண்மையில் மலையில் பரவலாக விற்பதும் சூப்பாகக் கிடைப்பதும் முடவாட்டுக்கால் கிழங்கு. பெயர்தான் கிழங்கு, அது மண்ணுக்குள் விளைவதில்லை. பாறையிலும் மரத்திலும் பற்றிப் படரும் பெரணி ஒன்றின் தண்டு அது. மேலெல்லாம் பழுப்பு நிறத்தில் மென்மயிர் அடர்ந்து, பார்த்தால் ஆட்டுக்கால் போலவே இருக்கும். மேல்தோலைச் சீவியபின் உள்ளே இளம்பச்சையாக இருக்கும். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த சூப் குளிர்காலை வேளையில் இதமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு கோப்பையில் மூட்டுவலி போய்விடும் என்று எண்ணி, உண்டுவரும் மருந்தை நிறுத்துவது அறிவீனம். மூட்டை மூட்டையாக வாங்கிச் செல்வதும் வேண்டாம். காட்டிலிருந்து எடுப்பதற்கும் ஓர் அளவு உண்டு. மலையின் விளைபொருள் வேண்டுமென்றால் மிளகு, காப்பி, அன்னாசி, மலைவாழை இருக்கின்றன. சாமையும் தினையும் கேழ்வரகும் கேட்டு வாங்கினால், மரவள்ளிக்கு இடம் கொடுத்துச் சுருங்கிவரும் அந்தப் பயிர்களை இன்னும் விதைப்போருக்கு உதவியாகவும் இருக்கும்.

மாசி பெரியசாமி கோயிலுக்குச் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமவெளியில் வாழும் பல குடும்பங்களுக்கும் அவர் குலதெய்வம். கோழியும் கிடாயும் நேர்ந்துகொண்டு வருவார்கள். அதைக் கண்டு முகம் சுளிப்பதோ, இரத்தத்தை மட்டும் நெருக்கமாகப் படமெடுத்து 'காட்டுமிராண்டி வழக்கம்' என்று தலைப்பிட்டுப் பதிவேற்றுவதோ அறமல்ல. பிடிக்காவிட்டால் தள்ளி நிற்கலாம். கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் ஒரு கிளையைக்கூட ஒடிக்கக் கூடாது என்பதும், செருப்பை எந்த இடத்தில் கழற்ற வேண்டும் என்பதும் பலகையில் எழுதியிருக்காது; முன்னால் போகும் ஊர்க்காரரின் காலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கடைசியாக, நாள் பார்க்கும் விஷயம். ஆடி 17, 18 ஆகிய நாட்களில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. யானையை வீழ்த்திய அம்பு புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவிப் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று வன்பரணர் பாடிய, கொல்லியை ஆண்ட ஓரி, முள்ளூர் மன்னன் காரியால் கொல்லப்பட்டு, மலை சேரர் கைக்குப் போனதை அகநானூறு சொல்கிறது. தோற்ற அரசனுக்கே மலைமக்கள் விழா எடுக்கிறார்கள். அதைக் காண விரும்புவோர் அந்த நாட்களில் வரலாம். தங்கும் இடத்தை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும், சாலையில் நெரிசலை எதிர்பார்க்க வேண்டும். அமைதியாக அருவியைக் காண விரும்புவோர் அதே நாட்களில் வந்துவிட்டுக் கூட்டத்தைக் குறை சொல்லக் கூடாது. எந்த நாளில் வந்தாலும் ஓர் இரவாவது மேலே தங்கும்படி திட்டமிடுங்கள். ஒரே நாளில் ஏறி, ஆயிரம் படி இறங்கி ஏறி, களைத்த கையோடு இருட்டில் 70 வளைவுகளையும் பனிமூட்டத்தில் இறங்குவதற்கு வண்டியைத் திருப்பும்போது, சீக்குப்பாறை காட்சிமுனையிலிருந்து பார்க்க வேண்டிய பள்ளத்தாக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்காது.