பேசியதை எழுத்தில் கட்டுவது எப்படி? ரங்கூன் பருப்புத் தரகு அனுபவம்

ரங்கூனின் மொத்த வியாபாரச் சந்தையான பேயின்நவுங்கில் உளுந்துத் தரகு பார்ப்பவனுக்கு நாள் முழுக்கப் பேச்சுதான் வேலை. விற்பவரிடம் பர்மியம், சென்னையில் வாங்குபவரிடம் தமிழ், பேங்குக்கும் கப்பல் கம்பெனிக்கும் ஆங்கிலம். மூன்றும் எனக்கு நன்றாகவே வரும். அப்படியும் ஒரு முறை இல்லாத 2 கன்டெய்னர் உளுந்தை விற்றுவிட்டேன். அதற்கப்புறம் பழகிக்கொண்ட முறை இது. வணக்கம் சொல்வது, குரலை உயர்த்தாமல் பேசுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: போனை எடுக்கும் முன்

தாளில் நான்கு சொல்: தரம், அளவு, விலை, தேதி. உளுந்தில் எஃப்.ஏ.க்யூ.வா (சராசரித் தரம்) எஸ்.க்யூ.வா (உயர் தரம்) என்று சொல்லாமல் விலை பேசுவது வீண் பேச்சு.

படி 2: பேர்

பர்மியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடைசித் துண்டை மட்டும் வெட்டியெடுத்து 'மிஸ்டர்' ஒட்டாதீர்கள். பெரியவர் என்றால் ஆணுக்கு 'ஊ', பெண்ணுக்கு 'தோ' சேர்த்து முழுப்பேரையும் எழுதுங்கள்.

படி 3: 'ஹோக்கெ' என்றால் சம்மதம் இல்லை

நான் விழுந்த இடம் இதுதான். "வெள்ளிக்கிழமைக்குள் 48 டன் கிடைக்குமா?" என்று ஒரு வியாபாரியிடம் கேட்டேன். "ஹோக்கெ, ஹோக்கெ" என்றார், அதாவது 'ஆமாம், ஆமாம்'. உடனே சென்னைக்குப் போன் போட்டுப் பேரத்தை முடித்தேன். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் கிடங்கில் பாதி மூட்டைகூட இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை. நாம் கதை கேட்கும்போது 'ம், ம்' கொட்டுகிறோமே, 'ஹோக்கெ' பாதி நேரம் அதுதான். முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல மனம் வராததைப் பர்மியத்தில் 'ஆநாடெ' என்பார்கள். நம் தாட்சண்யம்தான், கொஞ்சம் கூடுதல். சென்னை அண்ணாச்சி திட்டவும் இல்லை. "சரிப்பா" என்று போனை வைத்தவர் நான்கு மாதம் கூப்பிடவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதனால் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியையே இப்போது கேட்பதில்லை. "இன்றைக்குக் கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது? மீதி எங்கிருந்து, எந்த நாள் வரும்?" என்று கேட்கிறேன். எண் வந்தால் பதில் வந்தது. சிரிப்பு வந்தால் சரக்கு இல்லை. "வெள்ளி சிரமம் என்றால் திங்கள் ஆகட்டும்" என்று நாமே ஒரு வழி திறந்துவிட்டால் உண்மை சீக்கிரம் வெளியே வரும்.

படி 4: சூடு ஆறும் முன் எழுதுங்கள்

ஒரு மணி நேரத்துக்குள். இப்படி:

"அண்ணாச்சி, வணக்கம். சற்று முன் பேசியது: உளுந்து எஃப்.ஏ.க்யூ., 1 கன்டெய்னர், 24 மெட்ரிக் டன். டன்னுக்கு இத்தனை டாலர், சென்னைத் துறைமுகம் வரை கப்பல் கூலி சேர்த்து. ஏற்றும் கடைசி நாள் 14ஆம் தேதி. மாற்றம் இருந்தால் இன்று மாலை இந்திய நேரம் 5 மணிக்குள் சொல்லுங்கள்."

'இந்திய நேரம்' என்று எழுதியே ஆக வேண்டும், ரங்கூனில் நாம் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். எடையில் வீசை வேண்டாம். இங்கே ஒரு வீசை சுமார் 1.63 கிலோ, பழைய மதராஸ் வீசையோ 1.4 கிலோதான். என் பாட்டி கடைசி வரை இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தார். சென்னையில் இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது.

எதில் அனுப்புவது? அரட்டைக்கு வைபர் செயலி போதும். விலையும் தேதியும் இருந்தால் நான் ஈமெயில்தான் அனுப்புவேன். குரல் பதிவு வேண்டவே வேண்டாம். மூன்று நிமிடப் பதிவில் விலை எங்கே இருக்கிறது என்று தேடியவனுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்.

பின்சேர்க்கை: பர்மியத்தில் அனுப்பிய செய்தி எதிராளியின் போனில் புழு நெளிவது போலத் தெரிகிறது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். ஒரு பக்கம் ஸாஜி எழுத்துரு, மறு பக்கம் யூனிகோடு என்றால் அப்படித்தான் வரும். 2019 அக்டோபர் 1 முதல் நாடு யூனிகோடுக்கு மாறியது, ஆனாலும் பழைய போன்கள் இன்னும் கையில் இருக்கின்றன. நீங்கள் யூனிகோடிலேயே எழுதுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் அதே செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாக அனுப்புங்கள்.