பழைய போர்ப் படத்தில் இருப்பது ஷெர்மனா, எம் 10-ஆ? அமெரிக்க வண்டிகளை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

இரண்டாம் உலகப் போர்ப் புகைப்படங்களில் சங்கிலிப் பட்டையும் நீண்ட பீரங்கிக் குழலும் உள்ள எதைப் பார்த்தாலும் டாங்கி என்று சொல்லிவிடுகிறோம். பத்திரிகைகளின் படக்குறிப்புகளிலும் இதே கதைதான். ஆனால் அமெரிக்கப் படையில் அப்படித் தெரிந்த வண்டிகளில் ஆயிரக்கணக்கானவை டாங்கிகளே அல்ல. எதிரி டாங்கிகளை வேட்டையாடுவதற்கென்றே தனிப் பயிற்சியும் தனிச் சின்னமும் கொடுத்து அமைத்த ஒரு பிரிவின் வண்டிகள் அவை. டாங்க் டெஸ்ட்ராயர் என்று பெயர். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், ஒரே ஒரு படத்திலிருந்து அது எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, அந்த வண்டிக்கு என்ன வேலை என்பதுவரை சொல்ல முடியும். முன் அனுபவம் எதுவும் தேவையில்லை. கீழே உள்ள வரிசையிலேயே பார்த்துக்கொண்டு வாருங்கள்.

படி 1: எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

படத்தின் கீழே "எம் 3" என்று போட்டிருந்தால் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. அமெரிக்க ராணுவம் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக எண் கொடுத்தது. இலகு டாங்கியிலும் ஒரு எம் 3 உண்டு, நடுத்தர டாங்கியிலும் ஒரு எம் 3 உண்டு. முன்னால் டயரும் பின்னால் பட்டையும் கொண்ட ஹாஃப் டிராக் வண்டிக்கும் அதே எண்தான். இந்தக் குழப்பத்துக்கு நடுவே, பிரிட்டிஷ்காரர்கள் அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தளபதிகளின் பெயர்களை வைத்தார்கள். இலகு எம் 3 ஸ்டூவர்ட் ஆனது, நடுத்தர எம் 3 லீ, கிராண்ட் என இரண்டு பெயர் பெற்றது, எம் 4 ஷெர்மன் ஆனது. பழகும்வரை பெயரையும் எண்ணையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் நேராகப் பீரங்கியைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது கீழேதான். பீரங்கியைத் தாங்கி மேலே சுழலும் கோபுரத்தை மாற்றலாம், குழலை மாற்றலாம். சக்கர அமைப்பு அவ்வளவு எளிதில் மாறாது.

ஒரு பக்கத்தில் ஆறு சிறிய சக்கரங்கள், இரண்டிரண்டாக மூன்று தொகுதிகளில் இருந்தால் அது ஷெர்மன் குடும்பம். லீ, ஷெர்மன் டாங்கிகளும் எம் 10, எம் 36 டெஸ்ட்ராயர்களும் இதில் அடங்கும். ஒவ்வொரு தொகுதியும் தன் சுருள்வில்லோடு வண்டிக்கு வெளியே இருப்பதால், அடிபட்டால் போல்ட்டைக் கழற்றி அப்படியே வேறொன்றை மாட்டிவிடலாம். கடல் கடந்து போய்ச் சண்டை போட்ட படைக்கு இது பெரிய வசதி. ஸ்டூவர்ட்டில் இரண்டு தொகுதிகள்தான். பின்னால் ஒரு பெரிய சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

தொகுதியாக இல்லாமல் பெரிய சக்கரங்கள் தனித்தனியே இருந்தால் எண்ணுங்கள். ஐந்து என்றால் எம் 18 ஹெல்கேட் டெஸ்ட்ராயர் அல்லது எம் 24 சாஃபி டாங்கி. ஆறு என்றால் எம் 26 பெர்ஷிங் டாங்கி. பெர்ஷிங்கை உறுதிசெய்ய இன்னொரு வழியும் உண்டு: பட்டையை இழுக்கும் பல்சக்கரம் அதில் பின்னால் இருக்கும். மேலே சொன்ன மற்ற எல்லா வண்டிகளிலும் அது முன்னால்தான்.

படி 3: கூரை இருக்கிறதா?

டாங்கியையும் டெஸ்ட்ராயரையும் பிரிக்கும் இடம் இதுதான், இங்கே அவசரப்படாதீர்கள். கோபுரத்தின் மேல்பக்கம் மூடியிருந்தால் டாங்கி. திறந்திருந்தால், உள்ளே நிற்பவர்களின் தோள் வெளியே தெரிந்தால், பெரும்பாலும் டெஸ்ட்ராயர்.

ஏன் திறந்து விட்டார்கள்? 1940-ல் ஜெர்மன் டாங்கிப் படை சில வாரங்களில் பிரான்சை வீழ்த்தியது. அதைப் பார்த்து அதிர்ந்த அமெரிக்கத் தளபதிகள், டாங்கிகள் கூட்டமாக உடைத்துக்கொண்டு வந்தால் விரைந்து போய்த் தடுக்க ஒரு தனிப் படை வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ராணுவப் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த தளபதி லெஸ்லி மெக்நேர் அதற்குப் பின்பலமாக இருந்தார். தளபதி ஆண்ட்ரூ புரூஸ் டெக்சாஸில் கேம்ப் ஹூட் முகாமில் அந்தப் படையை வளர்த்தார். டாங்கியைக் கடித்து நொறுக்கும் கருஞ்சிறுத்தை அவர்களுடைய சின்னம். "தேடு, தாக்கு, அழி" என்பது முழக்கம். அவர்கள் விரும்பியது வேகமும் நல்ல பார்வையும். கூரையை எடுத்தால் எடை குறையும், நாலாபுறமும் தெரியும் என்று கணக்குப் போட்டார்கள்.

ஆனால் அவர்கள் எதிர்பார்த்த போர் வரவில்லை. 1943 மார்ச்சில் துனிசியாவின் எல் கெட்டார் போன்ற ஓரிரு இடங்களில்தான் ஜெர்மன் டாங்கிகள் அப்படிக் கூட்டமாக வந்தன. அங்கே டெஸ்ட்ராயர்கள் அந்தத் தாக்குதலைத் தடுத்தன, ஆனால் பெரிய இழப்போடு. அப்புறம் இத்தாலியிலும் பிரான்சிலும் ஜெர்மானியர்கள் தற்காப்பில் இருந்ததால், டெஸ்ட்ராயர் படைகளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காலாட்படைக்குத் துணையாக அனுப்பினார்கள். தூரத்து இலக்குகளைச் சுடும் பீரங்கிப் படை வேலையும் அவர்கள் தலையில் விழுந்தது. ஜெர்மனியின் ஹூர்ட்கென் காட்டில் மர உச்சியில் வெடித்த குண்டுகளின் சிதறல் மேலிருந்து பொழிந்தபோது, கூரையில்லாத வண்டிக்குள் இருந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. கோட்பாட்டை எழுதியவர்களின் தவறான கணிப்புக்கு அந்த வீரர்கள்தான் விலை கொடுத்தார்கள்.

சரி, படம் தாழ்வான கோணத்தில் எடுத்தது, கூரையே தெரியவில்லை என்றால்? எம் 10-க்கு மூன்று தடயங்கள் சொல்கிறேன். ஒன்று, அதன் உடலின் பக்கச் சுவர்கள் மேலே போகப்போக உள்பக்கம் சாயும். ஷெர்மனில் அவை பெரும்பாலும் நேராக நிற்கும். இரண்டு, முன்பக்கத்தில் இயந்திரத் துப்பாக்கி இருக்காது. ஷெர்மனின் முன்பக்கத்தில் ஒரு உருண்டைக்குள் அது துருத்திக்கொண்டிருக்கும். மூன்று, எம் 10-இன் உடலிலும் கோபுரத்திலும் வரிசையாகக் குமிழ்கள் தெரியும். தேவைப்பட்டால் கூடுதல் கவசத் தகடு மாட்டுவதற்காக வைத்த போல்ட் இடங்கள் அவை. நிழல் சரியாக விழுந்த படத்தில் இந்தக் குமிழ்கள் பளிச்சென்று தெரியும்.

ஒரு பொறியும் உண்டு. எம் 36 பி 1 என்ற வகையில் ஷெர்மன் உடலின் மேல் டெஸ்ட்ராயர் கோபுரத்தை வைத்தார்கள். முன்பக்கத் துப்பாக்கியும் இருக்கும், திறந்த கோபுரமும் இருக்கும். மொத்தம் 187 வண்டிகள்தான் செய்தார்கள் என்பதால் அடிக்கடி எதிர்ப்படாது.

படி 4: இப்போது குழலுக்கு வாருங்கள்

குழல் கோபுரத்தில் இல்லாமல் உடலின் வலப்பக்கத்திலிருந்து நீட்டிக்கொண்டு, மேலே சின்னக் கோபுரத்தில் இன்னொரு சின்னக் குழல் இருந்தால், யோசிக்கவே வேண்டாம், லீ அல்லது கிராண்ட். 75 மில்லிமீட்டர் பீரங்கியைத் தாங்கும் கோபுரம் தயாராகும்வரை பொறுக்க முடியாமல் அதை உடலிலேயே பொருத்தினார்கள். 1944-ல் இம்பால், கோஹிமா பகுதியில் ஜப்பானியரை எதிர்த்து மலையேறியவை இவைதான்.

எம் 10-இல் 3 அங்குலப் பீரங்கி. கோபுரத்தின் பின்னால் எடையைச் சமன் செய்ய இரண்டு கனத்த இரும்புக் கட்டிகள். எம் 36-இல் 90 மில்லிமீட்டர் பீரங்கி. கோபுரத்தின் பின்பகுதியே பெட்டி மாதிரிப் புடைத்திருக்கும். ஹெல்கேட் 76 மில்லிமீட்டர். மணிக்கு 88 கிலோமீட்டர் வேகம் போகும் என்பதால் எல்லோரும் அதையே கொண்டாடுகிறார்கள். என் பார்வையில் போரின் சுமையைத் தூக்கியது ஆறாயிரத்துக்கும் மேல் தயாரான எம் 10. படங்களில் உங்கள் கண்ணில் அதிகம் படப்போவதும் அதுதான்.

ஷெர்மனிலேயே இரண்டு காலகட்டங்கள் உண்டு. முற்கால வண்டியில் குட்டையான 75 மில்லிமீட்டர் குழல், முன்தகட்டில் ஓட்டுநர் இடம் இரண்டு புடைப்புகளாகத் தெரியும். பக்கச் சுவரைப் பாருங்கள்: கிழிந்த துணிக்கு ஒட்டுப் போட்டது போல வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று எனச் சதுரத் தகடுகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். உள்ளே குண்டுகள் அடுக்கியிருந்த இடம் அதுதான். அங்கே அடி விழுந்தால் வண்டியே எரிந்தது. 1944 முதல் வந்த வகைகளில் குண்டுகளைத் தரைமட்டத்துக்கு மாற்றி, சுற்றிலும் நீர் நிரப்பிய உறைகள் வைத்ததும் தீவிபத்து வெகுவாகக் குறைந்தது. ஷெர்மனை வெறும் எரியும் பெட்டி என்று ஏளனம் செய்வோர் இந்தப் பாதிக் கதையைச் சொல்வதே இல்லை.

படி 5: எழுத்தும் எண்ணும்

உடலின் பக்கத்தில் "யு.எஸ்.ஏ." என்று எழுதி நீளமான பதிவு எண் இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். 30 என்று தொடங்கினால் அது டாங்கியாகப் பதிவானது. எம் 10 போன்ற மற்ற பட்டை வண்டிகளுக்கு 40. முன்பக்கத்தில் பிரிவு எண் இருக்கும். பட்டாலியன் எண்ணை அடுத்து ஆங்கிலத்தில் டி, டி என்று இரண்டு எழுத்துகள் இருந்தால் டாங்க் டெஸ்ட்ராயர் பட்டாலியன். சில படங்களில் அந்த இடம் மட்டும் அழிந்திருக்கும். தணிக்கை அதிகாரிகள் சுரண்டியது அது.

படி 6: தேதியோடு ஒத்துப்போகிறதா?

"நார்மண்டி, ஜூன் 1944" என்று போட்டு எம் 36-ஐக் காட்டினால் குறிப்பு தவறு. அது ஐரோப்பியக் களத்துக்கு வந்தது அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில். பெர்ஷிங் வந்தது 1945-ல். போர் முடிந்தபின்னும் இந்த வண்டிகள் வேலை செய்தன என்பதையும் மறக்காதீர்கள். 1948 நவம்பர் 1-ல் காஷ்மீரின் ஸோஜி லா கணவாயில் பனிக்கு நடுவே நிற்கும் ஸ்டூவர்ட்டுகள் இந்தியாவின் 7-ஆவது குதிரைப்படைக்குச் சொந்தமானவை. அவை ஏறிப்போகப் பாதை அமைத்தவர்கள் இந்திய ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ்.

பயிற்சிக்கு, 1945 மார்ச் 6-ல் கொலோன் பேராலயத்தின் அருகே நடந்த டாங்கி மோதலின் படச்சுருளைத் தேடிப் பாருங்கள். அமெரிக்க ராணுவ ஒளிப்பதிவாளர் ஜிம் பேட்ஸ் எடுத்தது. ஜெர்மன் பாந்தரைச் சுடும் வண்டி பக்கவாட்டில் தெரியும் காட்சி வந்தால் நிறுத்தி, சக்கரங்களை எண்ணி, பல்சக்கரம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஆறு சக்கரமும் பின்னால் பல்லும் தெரிந்தால் விடை பெர்ஷிங்.