அமைச்சர் அவைக்குள் இருப்பது ஏன்? நாடாளுமன்றக் கண்காணிப்பைப் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிப் புத்தகத்தில் மூன்று கட்டம் போட்டிருப்பார்கள். சட்டம் இயற்ற ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று, நீதிக்கு ஒன்று, நடுவில் சுவர். தேர்வுக்கு அது போதும். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு நாடாளுமன்ற நேரலையைப் பார்த்தால்தான் குழப்பம். அமைச்சர் நிர்வாகத்தைச் சேர்ந்தவர் ஆயிற்றே, அவர் எப்படிச் சட்டம் இயற்றும் அவையின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்? இது அதிகாரப் பிரிவினைக்கு எதிரானது இல்லையா என்று கேட்பவர்கள் நிறைய.

எதிரானது இல்லை. நம் அமைப்பே அப்படித்தான். அரசியல் சாசனத்தின் 75வது பிரிவுப்படி, வெளியிலிருந்து அமைச்சரானவர் ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஓர் அவையில் உறுப்பினராகாவிட்டால் பதவி போய்விடும். அமெரிக்கா போல முழுப் பிரிவினை வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா 1948 டிசம்பரில் திருத்தம் கொண்டுவந்தார், சபை ஏற்கவில்லை. ஏன் என்பதற்கான பதிலை அம்பேத்கர் அதற்கு முந்தைய மாதமே, நவம்பர் 4 அன்று, சொல்லிவிட்டிருந்தார். அமெரிக்க முறையில் நிலைத்தன்மை அதிகம், பொறுப்புக்கூறல் குறைவு. தேர்தலுக்குத் தேர்தல் வாக்காளர் பார்க்கும் கணக்கைவிட, அவையில் தினமும் பார்க்கும் கணக்கு பலன் தரும் என்பது அவர் வாதம். ஆக, அமைச்சரை அவைக்குள் வைத்தது அவருக்குச் சலுகை காட்ட இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்றுதான். சுவர் உண்மையிலேயே கெட்டியாக இருப்பது நீதித்துறைப் பக்கம். பதவி நீக்கத் தீர்மானம் தவிர வேறு எதிலும் நீதிபதியின் பணி நடத்தையை நாடாளுமன்றம் விவாதிக்க முடியாது (121வது பிரிவு); நடைமுறையில் கோளாறு என்று சொல்லி அவை நடவடிக்கையை நீதிமன்றம் கேள்வி கேட்கவும் முடியாது (122).

அடுத்த தவறு, கண்காணிப்பு என்றாலே நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று நினைப்பது. அது மக்களவையில் மட்டும்தான் வரும். 50 உறுப்பினர்கள் எழுந்து நின்று ஆதரித்தால்தான் விவாதத்துக்கே எடுப்பார்கள். மொத்த அமைச்சரவைக்கு எதிராகத்தான் கொண்டுவர முடியும். பிடிக்காத ஓர் அமைச்சரை மட்டும் குறிவைக்க முடியாது. 1963இல் நேரு அரசுக்கு எதிராகக் கிருபளானி கொண்டுவந்த முதல் தீர்மானத்திலிருந்து இன்றுவரை மக்களவையில் ஒன்றுகூட வென்றதில்லை. 1999இல் வாஜ்பாய் ஒரே ஓட்டில் விழுந்தாரே என்பீர்கள். அது அவரே கேட்ட நம்பிக்கை வாக்கெடுப்பு. இரண்டையும் ஒன்றாக எழுதுவது செய்தித்தாள்களிலேயே நடக்கிறது. எண்ணிக்கை தெரிந்த பிறகும் எதற்கு இந்தத் தீர்மானம் என்று அலுத்துக்கொள்வதும் சரியில்லை. பிரதமரை எழுந்து பதில் சொல்ல வைப்பதற்கே பாதி நேரம் அதைக் கொண்டுவருகிறார்கள்.

சரி, கேள்வி கேட்பது எதிர்க்கட்சியின் வேலை மட்டும்தானா? எனக்கு எரிச்சல் தரும் தவறு இதுதான். 1957இல் எல்.ஐ.சி. தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு அது வாங்கியிருந்தது. அந்தப் பணம் பாலிசி எடுத்த சாதாரண மக்களுடையது. டிசம்பரில் மக்களவையில் எழுந்து இதைக் கிழித்துப் போட்டவர் ஃபெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சி எம்.பி., போதாததற்குப் பிரதமரின் மருமகன். நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் ஒருநபர் ஆணையம் போட்டார்கள். பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்துச் சில வாரங்களிலேயே அறிக்கை கொடுத்துவிட்டார். நம்மூர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அப்போது நிதியமைச்சர். பங்கு வாங்கும் முடிவு நிதித்துறைச் செயலாளர் எடுத்தது, நான் ஒப்புதல் தரவில்லை என்பது அவர் நிலைப்பாடு. செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு, பழியை அவர்மேல் தள்ளிவிட்டு ஒதுங்க முடியாது என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார்.

இன்று ஓர் ஆளுங்கட்சி எம்.பி. அப்படிப் பேசுவாரா? கஷ்டம்தான். 1985ஆம் ஆண்டு கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடாவை, அதாவது இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சி உத்தரவை, மீறி வாக்களித்தால் பதவிக்கே ஆபத்து. ஆனால் இங்கேயும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: அந்தச் சட்டம் வாயைக் கட்டிப்போட்டது என்று. சட்டம் தொடுவது கட்சியை விட்டு விலகுவதையும் வாக்கையும்தான். கேள்வி கேட்க, ஆளுங்கட்சியின் பின்வரிசைக்காரருக்கும் தடையில்லை. கேட்காமல் இருப்பது அவர் கணக்கு, சட்டத்தின் கட்டளை இல்லை.

இதையொட்டி இன்னொன்று. ஏதாவது விபத்து நடந்தால் அமைச்சர் ராஜினாமா செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்துக்குப் பிறகு லால் பகதூர் சாஸ்திரி விலகியது தார்மீகப் பொறுப்பில். சாசனம் சொல்வது மக்களவைக்கு அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பை மட்டுமே.

அப்புறம் குழுக்கள். அவை ஒத்திவைக்கப்பட்டால் நாடாளுமன்றமே வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 24 உண்டு. ஒவ்வொன்றிலும் 31 பேர். அமைச்சர் அதில் உறுப்பினராக முடியாது. கேமரா இல்லாத மூடிய அறை என்பதால் கட்சிச் சண்டையும் குறைவு, கொறடா உத்தரவும் கிடையாது. அரசின் செலவுக் கணக்கை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவின் தலைவர் பதவியை 1967 முதல் எதிர்க்கட்சிக்குக் கொடுப்பது மரபு. ஆனால் அங்கே அமைச்சரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை நடக்கும் என்று கற்பனை செய்ய வேண்டாம். சாட்சியம் சொல்ல வருபவர்கள் துறைச் செயலாளர்களும் அதிகாரிகளும்தான். பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது. அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கையும் தீர்ப்பு ஆகாது, குழு விசாரிக்க வேண்டிய மூலப்பொருள் அது. மசோதாக்களைக் குழுவுக்கு அனுப்புவதும் கட்டாயம் இல்லை. நம் அமைப்பின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

கடைசியாகக் கேள்வி நேரம். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20. அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் துணைக் கேள்வி கேட்கலாம். ஒரு மணி நேரத்தில் எட்ட முடிவது அவற்றில் சில மட்டுமே. நட்சத்திரம் இல்லாதவை 230. எல்லாவற்றுக்கும் எழுத்துப் பதில். டிவியில் வராத அந்த 230ஐ யாரும் பார்ப்பதில்லை, தகவல் கொட்டிக் கிடப்பது அங்கேதான். இதற்கு நேர்மாறாக, அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் எம்.பி. ஆவேசமாகப் பேசும் காணொளி நமக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அதற்கு அமைச்சர் உடனே பதில் சொல்லக் கட்டாயம் இல்லை.

எழுத்துப் பதிலைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ) என்று நான்காகப் பிரித்துக் கேட்கப்பட்டிருக்கும். பதிலில் ‘(அ) முதல் (ஈ) வரை’ என்று ஒரே கட்டாகக் கட்டி, திட்டத்தின் பெருமை இரண்டு பத்தி வரும். எண்ணிக்கை கேட்ட (இ)க்கு மட்டும் பதில் இருக்காது. ஒவ்வொன்றையும் விரல்விட்டுச் சரிபார்த்தால்தான் இது கண்ணில் படும்.

‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’ என்று பதில் வந்தால் பலர் அதைக் கைகழுவியதாக எடுத்துக்கொள்கிறார்கள். அவை விதிப்படி அது வாக்குறுதி. அரசு உறுதிமொழிகள் குழு என்று தனியாக ஒன்று இதைக் குறித்துவைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் அமைச்சகம் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும், இல்லை கைவிட அனுமதி கேட்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இழுக்கும் உறுதிமொழிகளும் உண்டு. உங்கள் தொகுதி எம்.பி. கேட்ட கேள்விக்கு இப்படி ஒரு பதில் வந்திருந்தால் கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நான்காவது மாதம் அவரிடம் எடுத்துப் போக அது போதும்.