கர்ப்பிணியிடம் 'கவலைப்படாதே' என்று சொல்வதைவிட அவள் குடத்தை வாங்கிக்கொள்ளுங்கள்

வடசென்னையின் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைத் தெருக்களில் வீடு வீடாகப் போகும் சுகாதார செவிலியர் நான். கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் பார்க்க உட்கார்ந்தால், "கவலையே படக்கூடாது என்று சொல்லுங்கள் சிஸ்டர்" என்று மாமியாரோ கணவரோ எடுத்துக்கொடுப்பார்கள். அப்படிச் சொல்லி எந்தப் பெண்ணின் கவலையும் குறைந்ததை நான் பார்த்ததில்லை. வாடகை பாக்கி, தண்ணீர், வீட்டில் குடி என்று அவள் கவலைக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தில்தான் கை வைக்க வேண்டும்.

நீண்ட நாள் கவலை குறைப்பிரசவத்துக்கும் ஒரு காரணமாகலாம். 37 வாரம் நிறைவதற்குள் குழந்தை பிறந்தால் அது குறைப்பிரசவம். மாதக்கணக்கில் நீளும் மன அழுத்தம் உடலில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனைக் கூட்டுகிறது. நஞ்சுக்கொடி சுரக்கும் சி.ஆர்.எச். என்ற ஹார்மோன் பிரசவம் நெருங்க நெருங்க இரத்தத்தில் ஏறும். கார்டிசால் அதை இன்னும் தூண்டிவிடும். கருப்பையைச் சுருங்கச் செய்யும் பொருள்கள் முன்கூட்டியே சுரக்க இது ஒரு வழி. தூக்கமும் சாப்பாடும் கெடுவது இன்னொரு வழி. ஆனால் ஒருநாள் அழுததால் யாருக்கும் பிரசவம் வந்துவிடாது. சிறுநீர்த் தொற்று, உயர் இரத்த அழுத்தம், இரட்டைக் கர்ப்பம், முன்பே ஒரு குறைப்பிரசவம் ஆகியவையும் காரணங்கள்தான். குறைமாதத்தில் பெற்றவளிடம் "நீ கவலைப்பட்டதால்தான்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அது பொய், கொடுமையும்கூட.

முதலில் தண்ணீர். லாரி வரும் நேரத்துக்கு வீட்டில் வேறு யாராவது நில்லுங்கள். மாடிப்படியில் குடம் ஏற்றுவது கணவரின் வேலையாக இருக்கட்டும். அடுத்தது தூக்கம். காசிமேட்டு மீன் ஏலத்துக்காக இருட்டிலேயே எழுகிற பெண் என்றால், மதியம் அவள் படுத்திருப்பதைச் சோம்பல் என்று பேசாதீர்கள். அந்த நேரத்தில் மூத்த பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விடுங்கள். பணக் கவலைக்கு ஓரளவு வழி இருக்கிறது: 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் என்ற பதிவு எண்ணை வாங்கினால், தகுதியுள்ளவர்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி உண்டு. அந்தப் பணம் அவள் கணக்கிலேயே இருக்கட்டும்.

அடி உதை இருந்தால் எந்த அறிவுரையும் பயன்படாது. பெண்களுக்கான உதவி எண் 181. படுத்தாலும் தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரம் போனால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் பேசுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம். பரிசோதனைக்கு வரும்போது எங்களிடமும் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிக் கேட்பதுபோல் இதையும் கேட்பது எங்கள் வேலை.

37 வாரத்துக்கு முன் வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, இடுப்பு வலி வந்து வந்து போனாலோ, அடிவயிற்றில் அழுத்தம் தெரிந்தாலோ, நீரோ இரத்தமோ கசிந்தாலோ, கஷாயம் வைத்துக் கொடுத்து விடியும்வரை பார்க்க வேண்டாம். உடனே 108. 34 வாரத்துக்கு முன்பென்றால் குழந்தையின் நுரையீரல் முதிர ஊசி போடுவார்கள். அது முழுதாகப் பலன் தர ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் நிற்கும், மழை நாளில் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனைக்கு எந்த வழியாகப் போவது, துணைக்கு யார் வருவது என்று ஏழாம் மாதமே பேசி வையுங்கள். தாய் சேய் நல அட்டையைப் பீரோவில் பூட்டாமல், எல்லோர் கைக்கும் எட்டும்படி வையுங்கள்.