நீர் ஊற்றும் முன் நிறத்தைப் பாருங்கள்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களான வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் பக்கத்துக் கல் நிறைந்த காட்டு மண்ணில் நீர் வடியுமா என்று பார்க்க, குழி நிறைய நீர் ஊற்றிக் காத்திருக்க வேண்டியதில்லை. கடப்பாரையால் முக்கால் மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி, குழியின் பக்கச் சுவரில் நிறத்தைப் பாருங்கள். ஒரே சீரான பழுப்பு என்றால் நன்றாக வடிகிற மண். துருப் புள்ளியும் சாம்பல் திட்டும் கலந்து தெரிந்தால், வருடத்தில் சில வாரமாவது அங்கே நீர் தேங்குகிறது.

நீர் தேங்கினால் மண்ணில் காற்று இருக்காது. அப்போது இரும்பு கரைந்து நகர்கிறது. அது போன இடம் வெளிறிச் சாம்பலாகும், மறுபடி காற்றுப் படும் இடத்தில் துருவாகப் படியும். கோடையில் குழி காய்ந்து கிடந்தாலும் இந்தக் கறை அழியாது. நீர்ச் சோதனை அன்றைய நிலையை மட்டுமே சொல்லும்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். இலைமக்குக்குச் சற்றுக் கீழே சாம்பல் பூசியதுபோல ஒரு வெளிர் பட்டை இருக்கும், அதன்கீழ் செம்பழுப்பு. அது நீர் தேங்கியதல்ல. ஊசியிலைக் குப்பையின் அமிலம் இரும்பைக் கீழே இறக்கிவிட்டது. வெர்மான்ட் தன் மாநிலச் சின்னமாக வைத்திருக்கும் டன்பிரிட்ஜ் என்ற மண் இந்த ரகந்தான், நன்றாகவே வடியும்.

செம்மணற்கல்லிலிருந்து வந்த சிவப்பு மண்ணில் இந்த வழி சரிவராது, புள்ளி கண்ணுக்குப் பிடிபடாது. கழிவுநீர்த் தொட்டிக்கு அனுமதி வாங்கவும் இது போதாது. அப்புறம், அரை மீட்டரிலேயே பாறை தட்டினால் நிறத்தை நம்பிப் பயனில்லை.