கடற்கரைச் சபைகளில் ஊழியரும் மூப்பரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேய்ப்பரும் போதகரும் சபைக்குக் கொடுக்கப்பட்டது விசுவாசிகளை ஊழியத்துக்குத் தகுதிப்படுத்துவதற்காகவே என்று எபேசியர் நிருபத்தின் 4ஆம் அதிகாரம் சொல்லுகிறது. ஊழியம் செய்யவேண்டியவர்கள் சபையார். அவர்களைப் பழக்கிவிடுவது போதகரின் வேலை. ஆனால் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில், கத்தோலிக்கப் பங்கானாலும், தென்னிந்தியத் திருச்சபையின் சேகரமானாலும், கீற்றுக் கொட்டகையில் தொடங்கிய பெந்தெகொஸ்தே சபையானாலும், "ஐயா இல்லையென்றால் இங்கே ஒன்றும் ஓடாது" என்ற பேச்சு பெருமையாகவே சொல்லப்படுகிறது. அப்படியொரு பேச்சு காதில் விழுந்தால், தம் வேலை இன்னும் பாதியில்தான் நிற்கிறது என்று ஊழியர் உணரவேண்டும். இங்கே எடுத்துச் சொல்லும் தவறுகள் ஏறத்தாழ எல்லாமே அந்தப் பேச்சுக்கு இடம் கொடுப்பவைதான்.

கூட்டத்தை எண்ணுவது

1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஆயிரக்கணக்கில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்றார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் அதைவிடப் பெரிய அறுவடை இந்தக் கரையில் நடந்ததில்லை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து, நீங்கள் விசுவாசிப்பது என்ன என்று கேட்டபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை என்று அவரே கடிதத்தில் எழுதினார். தண்ணீர் ஊற்றியவர்கள் உடனிருந்து சொல்லிக்கொடுக்கவில்லை. சவேரியார் இரு மொழியும் அறிந்த சிலரை உட்காரவைத்து விசுவாசப் பிரமாணத்தையும் ஜெபங்களையும் தமிழில் எழுதவைத்து, தாமே அவற்றை மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவர் எந்த ஊரிலும் நீண்ட நாள் தங்கியதில்லை. ஆனாலும் ஊரைவிட்டுப் புறப்படுமுன் ஜெபங்களின் எழுத்துப்படியை அங்கேயே விட்டு, தினமும் சொல்லிக்கொடுக்கக் கணக்கப்பிள்ளை என்ற உபதேசியார் ஒருவரை நியமித்துவிட்டே போனார். அந்த உபதேசியார்களின் சம்பளத்துக்கு, போர்த்துக்கல் அரசியின் பாதணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த வருமானத்தைக் கேட்டு வாங்கினார் என்பது சபை வரலாற்றின் சுவையான செய்திகளில் ஒன்று.

இன்று நாம் மூன்று இரவு நற்செய்திப் பெருவிழா நடத்தி, கை உயர்த்தினவர்களை எண்ணி அறிக்கை அனுப்பிவிடுகிறோம். நான்காவது வாரத்தில் அவர்களில் எவர் வீட்டுக்கு எவர் போனார் என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. மத்தேயு 28ஆம் அதிகாரக் கட்டளை, போதிப்பதோடு நில்லாமல், கட்டளையிட்ட யாவையும் கைக்கொள்ளும்படி போதிக்கச் சொல்லுகிறது. கைக்கொள்ளுகிறாரா என்பதை மேடையிலிருந்து பார்க்க முடியாது. இயேசு பன்னிருவரைத் தெரிந்துகொண்டபோது, பிரசங்கிக்க அனுப்புவதற்கு முன்னதாகத் தம்மோடு இருக்கும்படி அவர்களை ஏற்படுத்தினார் என்று மாற்கு எழுதுகிறார். ஆகவே ஆண்டறிக்கையில் "ஞானஸ்நானம் பெற்றவர்கள்" என்ற வரிக்குக் கீழே "வேறொருவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவர்கள்" என்று இன்னொரு வரி சேர்ப்பது நல்லது. அந்த வரி சில ஆண்டுகள் வெறுமையாக இருக்கும், இருந்தால் இருக்கட்டும்.

கடலின் நேரம் தெரியாமல் கூடுகை வைப்பது

இராமேசுவரம் விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகின்றன; மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. சனிக்கிழமை மீன்வளத்துறையின் அனுமதி டோக்கன் வாங்கிப் போன படகு ஞாயிறு காலையில்தான் துறைக்குத் திரும்புகிறது. ஆலயத்தில் மணி அடிக்கும் நேரத்தில் அந்தப் படகின் ஆள்கள் இறால் தனி, நண்டு தனி, தீவனத்துக்குப் போகும் சங்காயம் தனி என்று பிரித்துக் கூடையில் தள்ளிக்கொண்டிருப்பார்கள். வியாபாரி எடை போட்டு விலை சொல்லும்வரை அவர்கள் நகர முடியாது. வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் மாலைவரை எழுந்திருக்க முடியாது. அதே நேரத்தில் பிரசங்க பீடத்திலிருந்து ஆண்கள் வராததைக் குறித்துக் கடிந்துகொள்ளும் போதகர், தம் சபையாரின் பிழைப்பையே அறியாதவர் என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. பெண்களின் நேரமும் வேறு. நீர் வற்றும் நாள்களைக் கணக்கிட்டுப் பாசி எடுக்கப் போகிறவர்கள் உண்டு. வலையிலிருந்து நண்டு கழற்றக் கூலிக்குப் போகிறவர்கள் உண்டு. கருவாடு காயப்போட்டுக் காவல் இருப்பவர்கள் உண்டு. மதுரையிலோ திருநெல்வேலியிலோ இறையியல் படித்து வந்த ஒருவர், அங்கே பழகிய கால அட்டவணையை இங்கே அப்படியே ஒட்டிவிட்டு, கூட்டம் சேரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஒரு பகுதியினர் கேரளக் கரைக்கு வேலைக்குப் போய்விட்டாலும், ஆண்களில் பலர் படகைக் கரையேற்றிப் பழுதுபார்த்துக்கொண்டும் வலை பின்னிக்கொண்டும் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு உட்கார்ந்து வேதம் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் பெரும்பாலான ஊழியர்கள் அந்த வாரங்களைச் சிறுவர்களின் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும், வெளியூர் கன்வென்ஷன்களுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். அதைவிட மோசமானது, வருமானமே இல்லாத அந்த இரண்டு மாதத்தில் ஆலயக் கட்டட நிதிக்கு வீடுவீடாகப் போய்க் கேட்பது.

எல்லாவற்றையும் ஒருவரே சுமப்பது

காலை முதல் சாயங்காலம்வரை ஜனங்களை நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று சொன்னவர் அவருடைய மாமனார் எத்திரோ. நீரும் தொய்ந்துபோவீர், உம்மோடிருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று அவர் காரணமும் சொன்னார். பின்னதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். களைத்துப்போன போதகருக்காகச் சபை பரிதாபப்படுகிறது. அவர் ஒருவரே சுமந்ததால் தங்கள் கைகள் பழகாமலே போனதைக் குறித்து எவரும் வருத்தப்படுவதில்லை.

ஒரு நிலவரத்தை எடுத்துக்கொள்வோம். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்ற செய்தி இரவில் வருகிறது. அன்றிரவே அந்த வீட்டுக்கு ஒருவர் போய் உட்காரவேண்டும். மறுநாள் மீனவர் சங்கத்தாரிடமும் மீன்வளத்துறையிலும் விசாரிக்க ஒருவர் போகவேண்டும். வழக்கு தள்ளித்தள்ளிப் போகும் வாரங்களில் அடுப்பு எரிகிறதா என்று ஒருவர் பார்க்கவேண்டும். பிள்ளைகளின் பள்ளிக் காரியத்தைக் கவனிக்கவும் ஆள் வேண்டும். போதகர் முதல் நாள் வந்து ஜெபித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகவேண்டியவர். இதே துன்பத்தை முன்பே கடந்துவந்த பெண்கள் அந்தத் தெருவிலேயே இருப்பார்கள். எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் கேட்பார்கள் என்பது அவர்களுக்குப் போதகரைவிட நன்றாகத் தெரியும். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், விதவைகளின் பந்தி விசாரணையில் குறை எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் தாங்களே பரிமாறக் கிளம்பவில்லை. நற்சாட்சி பெற்ற எழுவரைத் தெரிந்துகொள்ளும்படி சபையாரிடமே விட்டார்கள். நம் சபைகளிலோ அந்தப் பெண்களில் ஒருவர் பெயர்கூடக் கமிட்டியில் இருப்பதில்லை. ரோமர் 16ஆம் அதிகாரத்தில் பெபேயாளையும் பிரிஸ்கில்லாளையும் பெயர் சொல்லிப் பவுல் எழுதியதை வாசித்த பிறகும் இந்த வழக்கம் எப்படி நிலைக்கிறது என்பது எனக்கு விளங்காத காரியம்.

முன்பணம் கொடுத்தவரை மூப்பராக்குவது

படகுக்காரரிடம் முன்பணம் வாங்கி, அந்தக் கடன் தீரும்வரை அவர் படகிலேயே வேலை செய்வது இந்தக் கரையில் பழைய வழக்கம். கடன் வாங்கினவன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் சொல்வதை இங்கே விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இப்படியிருக்க, காணிக்கை அதிகம் தருகிறார் என்பதற்காகவே ஒரு படகு உரிமையாளரை மூப்பராகவும் பொருளாளராகவும் வைத்துவிட்டால், அவரிடம் கடன்பட்ட பத்துக் குடும்பங்கள் சபைக் கூட்டத்தில் வாய் திறக்க முடியாது. வாக்கெடுப்பு நடந்தாலும் முடிவு முன்பே எழுதப்பட்டிருக்கும். செல்வந்தர் மூப்பராகக் கூடாது என்று நான் சொல்லவில்லை; 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரம் கேட்கிற தகுதிகளில் படகின் குதிரைத்திறன் இல்லை என்றுதான் சொல்லுகிறேன். அவரோடு கூலிக்காரர் ஒருவரும், கடன் கணக்கில் சிக்காத வேறொருவரும் சமமாக அமர்ந்தால் ஓரளவு சரியாகும். புதிதாக விசுவாசத்துக்கு வந்த பேச்சுத்திறமையுள்ள வாலிபரை ஆறே மாதத்தில் தலைவராக்குவதையும் அதே அதிகாரம் தடுக்கிறது. முதன்மையாயிருக்க விரும்பிய தியோத்திரேப்புவை யோவானின் மூன்றாம் நிருபத்தில் தேடவேண்டியதில்லை, நாமே வளர்த்துவிடுகிறோம்.

கீழ்ப்படிதலின் விலையை மற்றவர்மேல் ஏற்றுவது

திருவாடானைப் பக்கம் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று இயேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) தலை வெட்டப்பட்ட வரலாறு இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தச் செம்மண்ணை இன்றும் மக்கள் எடுத்துச் செல்கிறார்கள். பல மனைவியரைக் கொண்டிருந்த மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற ஒரே மனைவியோடு வாழவேண்டும் என்று அருளானந்தர் போதித்தார். தேவரும் கீழ்ப்படிந்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி இராமநாதபுர மன்னர் கிழவன் சேதுபதியின் உறவினள்; அவள் முறையிட்டதிலிருந்தே வழக்கு முற்றியது. போதித்தவர் தம் போதனைக்குரிய விலையை உயிரால் கொடுத்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட அந்தப் பெண்கள் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்று திருவிழாப் பிரசங்கங்களில் நான் கேட்டதில்லை.

இன்றைய கேள்வியும் அதேதான். கடல் அட்டை பிடிப்பது 2001 முதல் சட்டப்படி குற்றம். இரு படகுகள் சேர்ந்து இரட்டைமடி வலை இழுப்பதும் தடைசெய்யப்பட்டது. அதில் கூலிக்குப் போகும் ஒருவர் மனந்திரும்பி வந்தால், அதை விட்டுவிடும்படி சொல்வது போதகரின் கடமை, மழுப்பக் கூடாது. ஆனால் திங்கட்கிழமை அவர் எந்தப் படகில் ஏறுவார், வாங்கிய முன்பணத்தை யார் திருப்புவார், அவர் மனைவி எதைச் சமைப்பார் என்பதைச் சபை தன் காரியமாக எடுத்துக்கொள்ளாவிட்டால், நாம் கொடுப்பது கட்டளை மட்டுமே. அப்படி விடப்பட்டவர் சில மாதங்களில் பழைய வேலைக்கே போய்விடுவார், ஆலயத்துக்கும் வரமாட்டார். பிறகு அவரைப் பின்வாங்கிப்போனவர் என்கிறோம்.

பணமும் அதிகாரமும்

பணத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. எருசலேம் பரிசுத்தவான்களுக்கான காணிக்கையைக் கொண்டுபோகப் பவுல் சபைகள் தெரிந்தெடுத்த ஆள்களையும் கூடச் சேர்த்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாயிருக்க நாடுகிறோம் என்றார். காணிக்கைப் பையை உறவினரல்லாத இருவர் எண்ணிக் கையெழுத்திடுவதும், சபைக்கு வாங்கிய நிலத்தைச் சபையின் சங்கம் அல்லது அறக்கட்டளையின் பெயரிலேயே பத்திரம் பதிவதும் குறைந்தபட்சம். புயல் நிவாரணத்தில் அரிசிப் பை வாங்குகிறவர் முகத்தைப் படமெடுத்து முகநூலில் போடுவதை இன்றே நிறுத்தலாம்.

அதிகாரத்தின் நிழலில் ஒதுங்குவது அதைவிட ஆபத்தானது. மண்டபத்துக்கு அருகேயுள்ள வேதாளையில் போர்த்துக்கீசியத் தளபதி இராமேசுவர யாத்திரிகர்கள் போகும் வழியில் அகழி வெட்டி வரி கேட்டார். அந்தக் கோபத்தில் 1549இல் வடுகர் (விஜயநகரத்தின் தெலுங்குப்) படை பாய்ந்தபோது, கரையோரக் கிறிஸ்தவர்களும் அதில் அகப்பட்டார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் படகுகளில் ஏற்றிவிட்டுத் தாம் ஏறாமல் நின்ற அந்தோனியோ கிரிமினாலி அங்கே கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் இரத்தசாட்சி அவரே. அவருடைய துணிவைப் போற்றும் நாம், வரி கேட்ட கோட்டையின் பக்கத்தில் சபை நின்றதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். தேர்தல் நேரத்தில் வேட்பாளரைப் பீடத்தருகே நிறுத்தி ஜெபிக்கிறவர்கள், அவர்மேல் ஊரார் கொள்ளும் கோபத்தையும் சபைக்கு வாங்கிவைக்கிறார்கள். அக்கம்பக்கத்தாரை இகழ்ந்து பேசும் பிரசங்கமும் இந்தக் கணக்கில்தான் சேரும். தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் திருவிழாவில் இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்துகொள்ளும் ஊர் இது.

பொறுப்பை ஒப்படைக்காமல் போவது

எபேசுவில் மூன்று ஆண்டு ஊழியம் செய்த பவுல், மிலேத்துவுக்கு மூப்பர்களை வரவழைத்து விடைபெற்றார்; பொறுப்பை ஏற்க வந்தவர் ஒருவரல்ல, பலர். மாற்றலாகிப் போகும் போதகர் பீரோச் சாவியையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டால் ஒப்படைப்பு முடிந்ததாக நினைக்கிறார். எந்த வீட்டில் நோயாளி, எந்த வீட்டில் சிறைப்பட்டவர், எவர் யாரோடு பேசுவதில்லை, எவருக்குக் கடன் நெருக்குகிறது என்ற கணக்கெல்லாம் அவர் மனத்திலேயே போய்விடுகிறது. சொந்தச் சபை நடத்துகிறவர்களில் சிலர் மகனைத் தவிர வேறொருவரைப் பழக்குவதே இல்லை. மகனுக்கு அழைப்பு உண்டா என்று மகனிடமும் கேட்பதில்லை.

இதற்கான பயிற்சியைக் கடைசி ஆண்டில் தொடங்கினால் போதாது. மாதத்தில் ஒரு ஞாயிறாவது போதகர் ஊரில் இருந்துகொண்டே பெஞ்சில் உட்கார்ந்து, வலை இழுக்கும் ஒருவரோ பாசி எடுக்கும் ஒருவரோ வேதத்தை விளக்குவதைக் குறுக்கிடாமல் கேட்கவேண்டும். தவறாகச் சொன்னால் மைக்கைப் பிடுங்கித் திருத்தக் கூடாது. அப்பொல்லோ அரைகுறையாகப் போதித்தபோது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கினார்கள். அந்த விளக்கத்தை ஆராதனை முடிந்து, சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொள்ளலாம்; அடுத்த மாதமும் அவரையே பேசச் சொல்லலாம்.